சந்தனக் கூண்டில் முட்டையிடாத கோழி

கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டு முடித்துக்கொள்ளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. இது ஊருக்கு ஓர் அரசர் இருந்த காலத்துக் கதை. நடுவில் நிறுத்தினால் எனக்கு மறந்துவிடும்.

அந்தக் காலத்தில் கரும்பாறை நாடு என்று ஒரு நாடு இருந்தது. மிகவும் சின்ன நாடு. அரசர் கிழக்கு வாசலில் நின்று தும்மினால், மேற்கு எல்லையில் நிற்கிற காவலன் "நூறு ஆயுசு" என்று வாழ்த்துவான். அவ்வளவு சின்ன நாட்டிலும் அரசர் கொற்றவர்மர் ஒரு நாள் வேட்டைக்குப் போய் வழி தவறிவிட்டார்.

காலையில் கிளம்பியவர் வெயில் ஏறும் வரை சுற்றினார். கூட வந்தவர்கள் ஒரு பக்கம் போனார்கள், குதிரை ஒரு பக்கம் போயிற்று, அரசர் ஒரு பக்கம் போனார். கடைசியில் மூங்கில்பட்டி என்ற ஊரின் ஓரத்தில் ஒரு வீடு தெரிந்தது. அது கூடை முடைகிற சடையனுடைய வீடு. சடையன் மூங்கில் வெட்டப் போயிருந்தான். அவன் மனைவி காத்தாயி மட்டும் வீட்டில் இருந்தாள்.

வந்தவர் அரசர் என்று அவளுக்குத் தெரியாது. கிரீடத்தை எங்கேயோ முள்செடியில் மாட்டிவிட்டு வந்திருந்தார். பசியோடு வந்த யாரோ ஒருவர் என்று நினைத்து, கொல்லையில் வளர்த்த புள்ளிக் கோழியின் முட்டைகளை மிளகும் உப்பும் போட்டு வதக்கிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அரசர் முதல் முட்டையைப் பேசாமல் சாப்பிட்டார். இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். மூன்றாவதைச் சாப்பிட்டு, சட்டியை வழித்து, விரலையும் நக்கிக்கொண்டு, இது எந்தக் கோழியின் முட்டை என்று கேட்டார்.

காத்தாயி கொல்லையைக் கை காட்டினாள். அங்கே புள்ளிச்சி என்ற அந்தக் கோழி குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, தலையில் சின்னக் கொண்டை. ஓட்டை விழுந்த பழைய கூடை ஒன்று மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அதுதான் அது முட்டையிடுகிற இடம். மூன்று நாளில் இரண்டு நாள் அந்த இருட்டுக்குள் நுழையும், ஒரு முட்டை வைக்கும், வெளியே வந்து தெருவே கேட்கும்படி கொக்கரிக்கும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அரசர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். இனித் தமக்கு அந்தக் கோழியின் முட்டை வேண்டும் என்று அமைச்சரிடம் சொன்னார்.

அமைச்சர் பெயர் அரும்பொருளார். கெட்டவர் அல்ல. ஆனால் எதையும் சும்மா செய்யத் தெரியாதவர். அரசர் தண்ணீர் கேட்டால் கிணற்றுக்கு மாலை போட்டுவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கச் சொல்வார். அப்படிப்பட்டவர் கையில் ஒரு கோழி கிடைத்தால் என்ன ஆகும்?

மறுநாளே மூன்று மரியாதைகள் மூங்கில்பட்டிக்கு வந்து இறங்கின.

முதல் மரியாதை, சந்தன மரத்தில் செய்த கூண்டு. அதில் பித்தளைக் குமிழ்கள், உள்ளே பட்டு விரிப்பு, நான்கு பக்கமும் காற்று வரச் சாளரங்கள். ஓட்டைக் கூடையை அமைச்சர் தூக்கி எறியச் சொன்னார். அரசருக்கு முட்டை தருகிற கோழி அதற்குள் உட்காரலாமா?

இரண்டாவது மரியாதை, ஆறு காவலர்களும் ஒரு முரசும். கோழி முட்டையிட்டுக் கொக்கரித்த உடனே முரசு கொட்ட வேண்டும், கொம்பு ஊத வேண்டும். அரசர் வீட்டு நல்ல செய்தியை ஊர் அறிய வேண்டாமா?

மூன்றாவது மரியாதை, முட்டையைச் சுமந்து போக ஒரு பல்லக்கு. அரசருடைய சொந்தப் பல்லக்கு அது. வெல்வெட்டு மெத்தை, நீலத் திரை, தூக்க எட்டுப் பேர். வண்டியில் போனால் முட்டை குலுங்கி உடைந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

சடையனுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அவனைக் கூடைக்காரன் என்று கூப்பிட்ட ஊர் இப்போது கோழியார் என்று கூப்பிட்டது. அமைச்சர் ஒரு சரிகைத் தலைப்பாகை வேறு கொடுத்திருந்தார். அதைக் கட்டிக்கொண்டு அவன் மூங்கில் பிளக்காமல் வாசலிலேயே நின்றான். வருகிறவர்களிடம் எல்லாம் கோழியைத் தான் சின்னக் குஞ்சிலிருந்து எப்படி வளர்த்தான் என்று சொன்னான். வளர்த்தது காத்தாயி. ஆனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

முதல் முட்டை வந்த நாளை மூங்கில்பட்டி வெகு காலம் மறக்கவில்லை. புள்ளிச்சி சந்தனக் கூண்டுக்குள் நெடுநேரம் நின்றபடியே இருந்தது. வேறு வழியில்லாமல் ஒரு முட்டை வைத்தது. வெளியே வந்து வழக்கம்போல் ஒரு முறை கொக்கரித்தது. இரண்டாவது முறை கொக்கரிக்க வாயைத் திறந்தது. அதற்குள் முரசு இடித்தது, கொம்பு அலறியது, ஆறு காவலர்களும் ஒரே குரலில் வாழ்க என்றார்கள். கோழி கூரை மேல் பறந்தது. கூரையிலிருந்து முருங்கை மரத்துக்குப் பறந்தது. முருங்கையிலிருந்து அதை இறக்குவதற்குள் மாலை ஆகிவிட்டது.

இரண்டாவது முட்டைக்கும் அப்படியே. மூன்றாவது முட்டைக்கும் அப்படியே.

நான்காவது முட்டை வரவே இல்லை.

ஒரு நாள் பார்த்தார்கள், இரண்டு நாள் பார்த்தார்கள், நான்கு நாள் பார்த்தார்கள். பட்டு விரிப்பு காலியாகவே கிடந்தது. கொக்கரிப்பும் இல்லை. முரசுக்காரன் கோலைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினான். பல்லக்கை முருங்கை மரத்தடியில் இறக்கி, திரையை இழுத்து மூடிவிட்டு, எட்டுத் தூக்கிகளும் தெருக்கோடியில் தாயம் விளையாடப் போய்விட்டார்கள்.

அரும்பொருளாருக்கு வியர்த்தது. அரசர் தினமும் காலையில் முட்டை எங்கே என்று கேட்கத் தொடங்கியிருந்தார். அமைச்சர் மூன்று அறிஞர்களை மூங்கில்பட்டிக்கு வரவழைத்தார்.

முதலில் அரண்மனை வைத்தியர் வந்தார். கோழியின் நாக்கைப் பார்க்க வேண்டும் என்றார். நான்கு பேர் சேர்ந்து வாயைத் திறந்து காட்டினார்கள். வயிற்றில் வாயு, முட்டை வரும் வழி அடைத்திருக்கிறது என்று சொல்லி, சுக்கும் திப்பிலியும் இடித்துக் கஷாயம் வைத்துப் புகட்டினார். புள்ளிச்சி கஷாயத்தைக் குடித்ததுபோலத் தொண்டையில் வைத்திருந்து, அவர் குனிந்த நேரம் பார்த்து அவர் தாடியிலேயே திருப்பிக் கொடுத்தது. வைத்தியர் தாடியைப் பிழிந்துகொண்டே போனார்.

அடுத்து அரண்மனைச் சோதிடர் வந்தார். கோழி எந்த நட்சத்திரத்தில் பிறந்தது என்று கேட்டார். முட்டையாக வந்த நாளைச் சொல்வதா, ஓடு உடைத்து வந்த நாளைச் சொல்வதா என்று சடையன் திரும்பக் கேட்டான். சோதிடர் அதுவரை அப்படி ஒரு சந்தேகத்தைச் சந்தித்ததில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு, எப்படியானாலும் கூண்டின் வாசல் சூரியனைப் பார்க்க வேண்டும் என்றார். திருப்பி வைத்தார்கள். காலை வெயில் நேராகக் கோழியின் கண்ணில் அடித்தது. அது கூண்டுக்குள் போவதையே விட்டுவிட்டது.

கடைசியாக அரண்மனை வீணை வித்துவான் வந்தார். நோயும் இல்லை, கிரகமும் இல்லை, கோழிக்கு மனமகிழ்ச்சி குறைவு என்றார். கொல்லையில் பாய் விரித்து உட்கார்ந்து, காலையிலிருந்து நடுப்பகல் வரை வாசித்தார். காவலர்கள் உறங்கினார்கள். வித்துவானும் நடுவில் சற்று உறங்கினார். கோழி ஒற்றைக் காலில் நின்று உறங்கியது. முட்டை மட்டும் வரவில்லை.

மூன்று அறிஞர்களும் தோற்ற பிறகு அமைச்சருக்கு ஒரே ஒரு யோசனைதான் மிஞ்சியது. முட்டை வருகிறது, யாரோ எடுத்துத் தின்கிறார்கள்.

உடனே சடையனுடைய வீட்டைச் சோதித்தார்கள். அரிசிப் பானையில் கை விட்டார்கள், கூரையில் கம்பு விட்டார்கள், அடுப்புச் சாம்பலைச் சலித்தார்கள். ஒன்றும் இல்லை. காவலர் தலைவன் சடையனை வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தான். வெங்காய வாடைதான் வந்தது. ஆனாலும் அமைச்சருக்குச் சந்தேகம் தீரவில்லை. இனிமேல் புருஷனும் பெண்டாட்டியும் கோழிக்கு இருபது அடி தள்ளியே நிற்க வேண்டும் என்று கோடு கிழித்தார். தங்கள் கொல்லையிலேயே அவர்கள் விருந்தாளிகள் ஆனார்கள்.

இப்படிப் பதினாறு நாள் ஓடின. பதினாறாம் நாள் அமைச்சர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். மறுநாள் மாலைக்குள் முட்டை வராவிட்டால் கோழி அரண்மனைச் சமையல்காரரிடம் போகும். முட்டையைத் திருடிய குற்றத்துக்காகச் சடையனும் காத்தாயியும் நாட்டை விட்டுப் போக வேண்டும். சமையல்காரர் முன்கூட்டியே வந்து, கோழியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, இரண்டு பேருக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சடையன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தான். அவன் அடுப்படிக்கு வந்து பல நாள் ஆகியிருந்தது.

"காத்தாயி, இந்த நாட்டை விட்டால் நமக்கு எங்கே மூங்கில் கிடைக்கும்?" என்றான்.

அவள் அவனுக்குக் கூழ் ஊற்றினாள். அவன் குடிக்கவில்லை.

"உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கேட்டார்கள். நானும் தெரிந்தவன் போலப் பேசிவிட்டேன்."

"இப்போது கேளுங்கள்" என்றாள் காத்தாயி.

"கோழி ஏன் முட்டையிடவில்லை?"

"தெரியாது. கோடு கிழித்த நாளிலிருந்து அதைத் தொட்டுப் பார்க்க என்னை விடவில்லை. தொட்டுப் பார்த்தால் சொல்வேன்."

மறுநாள் காலையில் அவள் அமைச்சர் முன்னால் போய் நின்றாள். கறிக்குப் போகிற கோழியைக் கடைசியாக ஒரு முறை மடியில் வைத்துக்கொள்ள விடுங்கள் என்று கேட்டாள். அமைச்சர் மனம் இளகியது. கோட்டைத் தாண்ட விட்டார்.

காத்தாயி கோழியை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் கொண்டையைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திருப்பி, வாலுக்குக் கீழே இருக்கிற இரண்டு எலும்புகளுக்கு நடுவில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு கீழே விட்டுவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்த்தாள். கோழி நேராக வீட்டுச் சுவருக்குப் போய், பெயர்ந்து கிடந்த சுண்ணாம்புக் காரையை ஆசையாகக் கொத்தித் தின்றது.

காத்தாயி எழுந்து நின்று, இந்தக் கோழி முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்றாள்.

அமைச்சர் எப்படித் தெரியும் என்று கேட்டார். அவள் சொன்னாள். முட்டையிடுவதை நிறுத்திய கோழிக்குக் கொண்டை வெளுத்துச் சுருங்கிவிடும். இதற்கு மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருக்கிறது. நிறுத்திய கோழிக்கு அந்த எலும்புகளுக்கு நடுவில் ஒரு விரல்தான் நுழையும். இதற்கு மூன்று விரல் நுழைகிறது. நிறுத்திய கோழி சுண்ணாம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இது ஓடு செய்யச் சுண்ணாம்பு தேடுகிறது.

மூன்று அறிஞர்களுக்கும் தெரியாத மூன்று விஷயம். இதைக் கேட்டு அமைச்சர் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? மகிழவில்லை. மெதுவாகப் புன்னகை செய்தார்.

"அப்படியானால் முட்டை வந்துகொண்டிருக்கிறது. அது இங்கே இல்லை. ஆகவே அதை எடுத்தவர்கள் நீங்கள்தான். நீயே ஒப்புக்கொண்டாய்" என்றார்.

 அவள் சும்மா இருந்திருந்தால் கோழி மட்டும் போயிருக்குமோ, நாடாவது மிஞ்சியிருக்குமோ என்று சடையனுக்குத் தோன்றியது. ஆனால் வாயைத் திறந்து அவளைக் குறை சொல்லவில்லை. வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான்.

அந்த நேரத்தில் தெருவில் குதிரைக் குளம்படி கேட்டது. பதினேழு நாள் முட்டை இல்லாமல் பொறுமை இழந்த அரசர் தாமே கிளம்பி வந்துவிட்டார். அமைச்சர் நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். காத்தாயியின் மூன்று அடையாளங்களையும், தாம் அவளை மடக்கியதையும் சேர்த்தே சொன்னார்.

அரசர் காத்தாயியைப் பார்த்தார். அன்று சட்டியோடு முட்டை கொடுத்தவள் என்று தெரிந்துகொண்டார்.

"அம்மா, முட்டையை நீ எடுத்தாயா?"

"எடுக்கவில்லை, மகாராஜா."

"பின்னே எங்கே போகிறது?"

"எனக்குத் தெரியாது. கோழிக்குத் தெரியும். அதைத்தான் இதுவரை யாரும் கேட்கவில்லை."

கோழியை எப்படிக் கேட்பது என்று அரசர் கேட்டார். காத்தாயி சொன்ன வழி மிக எளியது. காவலர்களும் முரசும் கொம்பும் கொல்லையை விட்டுப் போக வேண்டும். அரசர் மட்டும் வைக்கோல் போருக்குப் பின்னால் மறைந்து உட்கார வேண்டும். பேசக்கூடாது, அசையக்கூடாது, தும்மக்கூடாது. தான் போய்ப் பார்த்துச் சொன்னால் அவளே கொண்டு வைத்தாள் என்பார்கள். அரசர் தம் கண்ணாலேயே பார்க்கட்டும்.

அரசர் வைக்கோலில் உட்காருவதா என்று அமைச்சர் பதறினார். குறைந்தது ஒரு கம்பளமாவது விரிக்கலாம், ஒரு குடையாவது பிடிக்கலாம் என்றார். அரசர் அவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்தார். அரசர் ஒரு பக்கம், காத்தாயி ஒரு பக்கம், நடுவில் அமைச்சர்.

கொல்லை அமைதியானது.

முதல் நாழிகையில் கோழி குப்பையைக் கிளறியது. அரசர் முதுகில் வைக்கோல் குத்தியது. சொறியக் கையைத் தூக்கினார். காத்தாயி திரும்பிப் பார்த்தாள். கையை இறக்கிக்கொண்டார்.

இரண்டாவது நாழிகையில் கோழி மண்ணில் புரண்டு குளித்தது. அமைச்சர் வேட்டிக்குள் ஒரு கட்டெறும்பு ஏறியது. எங்கே ஏறியது என்று நான் சொல்லமாட்டேன். அவர் வாயைத் திறந்தார். அரசர் தம் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினார். அமைச்சரின் கண்ணில் இருந்து தண்ணீர் வந்தது. சத்தம் வரவில்லை.

மூன்றாவது நாழிகையில் வெயில் உச்சிக்கு ஏறியது. தினமும் காவலர்களுக்குச் சோறு வருகிற நேரம் அது. தெருப்பக்கம் இலை போடுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் புள்ளிச்சி தலையைத் தூக்கியது. இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் பார்த்தது. திரும்பிச் சந்தனக் கூண்டையும் ஒரு முறை பார்த்தது. பிறகு அடி மேல் அடி எடுத்து வைத்து, சத்தமில்லாமல், முருங்கை மரத்தடிக்கு நடந்தது. நீலத் திரையின் அடியில் கழுத்தை விட்டது, உடம்பை விட்டது, வாலையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

திரை ஒரு முறை அசைந்து நின்றது.

அரசர் எழுந்தார். கால் மரத்துப்போயிருந்ததால் இரண்டு முறை விழுந்து எழுந்தார். நொண்டிக்கொண்டே போய்ப் பல்லக்குத் திரையை விலக்கினார்.

தாம் உட்காருகிற வெல்வெட்டு மெத்தையின் நடுவில், தாம் சாய்ந்து சாய்ந்து பள்ளம் விழுந்த இடத்தில், புள்ளிச்சி உட்கார்ந்திருந்தது. சிறகுக்குக் கீழே முட்டைகள் தெரிந்தன. அரசர் எண்ணலாம் என்று கை நீட்டினார். கோழி அவர் விரலை நன்றாக ஒரு கொத்து கொத்தியது. அரசர் கையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றே எண்ணினார். முதலில் பதினொன்று இருந்தன. அன்றைய முட்டையோடு பன்னிரண்டு ஆயின.

அமைச்சர் எறும்பு கடித்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். பதினேழு நாளாகத் தாம் கூரையிலும் சாம்பலிலும் சடையன் வாயிலும் தேடிய முட்டைகள், தாமே கொண்டுவந்து இறக்கிய பல்லக்கில் இருந்தன. காவலர்களைத் தெருவிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார். கூண்டைக் காக்கச் சொன்னீர்கள், கூண்டைக் காத்தோம் என்றார்கள். அது உண்மைதான்.

அரசர் சிரிக்கப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காத்தாயியிடம் வந்தார்.

"சந்தனக் கூண்டு கொடுத்தோம், பட்டு விரித்தோம், காவல் வைத்தோம். இவ்வளவையும் விட்டுவிட்டு ஒளிந்துகொண்டு ஏன் முட்டையிட வேண்டும்?"

 அரசரிடம் எவ்வளவு பேசலாம் என்று காத்தாயிக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னாள்.

"மகாராஜா, அதற்கு இருட்டான ஒரு மூலை போதும். அதை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். நீங்கள் சாப்பிட உட்காரும்போது ஆறு பேர் சுற்றி நின்று உங்கள் வாயையே பார்த்தால், ஒவ்வொரு கவளத்துக்கும் ஒருவன் முரசு கொட்டினால், உங்களுக்குச் சோறு இறங்குமா?"

அங்கே நின்றவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏனென்றால் அரண்மனையில் அரசர் சாப்பிடுவது அப்படித்தான். முதல் கவளத்துக்குச் சங்கு, நடுக் கவளத்துக்குக் கொம்பு, கடைசிக் கவளத்துக்கு முரசு. பன்னிரண்டு பேர் நின்று பார்ப்பார்கள். அமைச்சர்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தவர். காத்தாயிக்கு அது தெரியாது.



"இறங்கவில்லை, அம்மா" என்றார் அரசர். "பல வருஷமாக இறங்கவில்லை. உன் வீட்டில்தான் இறங்கியது. நான் கோழியைக் காரணம் என்று நினைத்துவிட்டேன்."

சடையனிடமும் காத்தாயியிடமும் அரசர் மன்னிப்புக் கேட்டார். அமைச்சரையும் கேட்கச் சொன்னார். அமைச்சர் கேட்டார். நீளமாக, அடைமொழிகளோடு கேட்டார். சுருக்கமாகக் கேட்கும்படி அரசர் சொன்ன பிறகு, தப்பு செய்துவிட்டேன் என்று சொன்னார். அது அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

சரி, புறப்படலாம் என்று பல்லக்குத் தூக்கிகளைக் கூப்பிட்டார்கள். அப்போது காத்தாயி குறுக்கே வந்தாள். கோழியின் உடம்பு சூடாகிவிட்டது, சிறகைப் பரப்பி உட்கார்ந்துவிட்டது, எழுப்பினால் எழுந்திருக்காது, அடைகாக்கத் தொடங்கிவிட்டது என்றாள். இருபத்தொரு நாளைக்குப் பல்லக்கை அசைக்கக்கூடாது.

அரசர் வந்தது குதிரையில்தான். ஆனால் அவர் இறங்கியதும் முரசுக்காரன் பழக்க தோஷத்தில் ஓர் அடி கொட்டிவிட, அது மிரண்டு ஓடி எல்லையைத் தாண்டியிருந்தது. சின்ன நாடு என்று முன்பே சொன்னேன் அல்லவா? ஆகவே கரும்பாறை நாட்டு அரசர் தலையெல்லாம் வைக்கோலோடு அரண்மனைக்கு நடந்து போனார். வழியில் பார்த்தவர்கள் யாரும் அவரை அரசர் என்று நினைக்கவில்லை. ஒருத்தி மட்டும் கூப்பிட்டு மோர் கொடுத்தாள். அவர் நின்று குடித்துவிட்டுப் போனார்.

சந்தனக் கூண்டும் காவலும் முரசும் அன்றைக்கே திரும்பிப் போயின. சடையன் தலைப்பாகையைத் துவைத்து, மூங்கில் சிராய் குத்தாமல் இருக்கக் கையில் சுற்றிக்கொண்டான். அன்று மாலையே ஒரு புதுக் கூடை முடைந்தான். கோழிக்கு எப்படி வேண்டும் என்று முதலில் காத்தாயியைக் கேட்டுவிட்டுத்தான் முடைந்தான்.

இருபத்தோராம் நாள் பல்லக்கில் இருந்து ஒன்பது குஞ்சுகள் இறங்கி வந்தன. பல்லக்கை மூன்று முறை கழுவியும் வாடை முழுவதும் போகவில்லை. அரசர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அரண்மனையில் அவர் இப்போது ஒரு சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகச் சாப்பிட்டார். முட்டை இருந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் கவலைப்படாதே என்று காத்தாயிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அரும்பொருளார் ஒரே ஒரு முறை கேட்டுப் பார்த்தார். இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது, மூங்கில்பட்டியில் கோழிக்கு ஒரு கல்தூண் நிறுத்தி, வருஷம் தவறாமல் விழா எடுக்கலாமா என்றார். அரசர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அமைச்சர், வேண்டாம் என்று தாமே சொல்லிக்கொண்டு வெளியே போனார். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

இதனால் நாம் அறிவது என்னவென்றால், ஒருவர் நல்லபடி வேலை செய்ய வேண்டும் என்று நினைத்தால், அவரைச் சுற்றி நின்று ஆரவாரம் செய்யாமல், அவருக்கு வேண்டிய இடத்தை விட்டு விலகி நிற்பதே அவருக்குச் செய்கிற மெய்யான மரியாதை.